சைக்கிள் கனப்பது ஏன்?



சமவெளியில் வாழ்பவருக்குத் துவிச்சக்கர வண்டி ஒரு வரப்பிரசாதம். யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் மட்டக்களப்பின் வாவிக்கரை வீதிகளிலும் காலை ஊன்றி ஒரு மிதி மிதித்தால் வண்டி தானாக ஓடும். மலைநாட்டிலே அதன் கதை வேறு. நானுஓயாப் புகையிரத நிலையத்தில் இறங்கி நுவரெலியா நகருக்குப் போகின்ற ஒருவர் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரத்துக்குள் 250 மீற்றர் உயரம் ஏறியாக வேண்டும். அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் போகின்ற வீதியோ வளைந்து வளைந்து இறங்கும். திரும்பி வரும்போது இறங்கியதற்கெல்லாம் வட்டி சேர்த்து வாங்கிவிடும்.

புகையிரதம் 1884 ஆம் ஆண்டில் அட்டனையும் 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவையும் அடைந்தது. ஆயினும் நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே கிடந்த தூரத்தை மனிதன் தன் கால்களாலேயே கடக்க வேண்டியிருந்தது. தபாற்பை சுமப்பவரும், கணக்கப்பிள்ளையும், பாடசாலை ஆசிரியரும் நடந்தே போனார்கள். வசதி கிடைத்தவர்கள் சைக்கிளில் போனார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ராலி, ஹேர்க்குலிஸ் முதலிய வண்டிகள் இலங்கையெங்கும் புகழ்பெற்றிருந்த காலம் அது. அவ்வண்டிகளுள் சிலவற்றின் பின்சக்கரத்து நடுவே சற்றுப் பருத்த ஓர் உருளை இருக்கும். கைப்பிடியருகே ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதனைத் தட்டினால் ஏற்றத்துக்கு ஒரு வேகம், சமநிலத்துக்கு ஒரு வேகம், இறக்கத்துக்கு ஒரு வேகம் என்று மாற்றிக்கொள்ளலாம். மலைப்பாதைக்கென்றே செய்ததுபோன்ற பொறி அது.

முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் பெருகிய பின்னர் இத்தகைய வண்டிகள் கொட்டில்களில் ஓய்வெடுக்கப் போயின. 2022 ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது சைக்கிளுக்குத் திடீரென மதிப்பு வந்தது. புதிய வண்டியின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. பழைய வண்டிகள் தூசி தட்டப்பட்டு வீதிக்கு வந்தன. ஓய்ந்து கிடந்த வண்டியை மீண்டும் ஓட்ட முயல்பவர் முதலிற் சொல்லும் குறை, "வண்டி கனக்கிறது" என்பதுதான். மூன்று வேக வண்டியானால் அடுத்த வாக்கியமும் ஆயத்தமாக இருக்கும்: "உள்ளே இருக்கிற கியர் போய்விட்டது." அதனைக் கேட்ட உடனே சக்கரத்தைக் கழற்றிக் குடத்தைப் பிரித்துவிடுகிறவரும் உண்டு, குடத்தையே எறிந்துவிட்டுச் சாதாரணச் சக்கரம் பூட்டச் சொல்கிறவரும் உண்டு. இவ்விரண்டுக்கும் முன்னர்க் கேட்கவேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அக்கேள்விகள் பணத்தை மிச்சப்படுத்தும். மலை இறக்கத்தில் அவை உயிரையும் காக்கும்.

கனப்பது என்றால் என்ன? ஒரு சிறு கணக்கினாற் பார்க்கலாம். மனிதரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 250 மீற்றர் உயரம் அப்பாரத்தைத் தூக்க ஏறக்குறைய 196,000 யூல் வேலை செய்யப்பட வேண்டும். இது மலைக்குச் செலுத்தவேண்டிய வரி. எவராலும் இதனைக் குறைக்க இயலாது. இதற்குமேல் வண்டியின் உறுப்புகள் ஒன்றோடொன்று உராய்வதனால் நூற்றுக்கு ஐந்து பங்கு வீணாகின்றது என்று வைத்துக்கொண்டால், ஓட்டுபவர் 250 மீற்றருக்குப் பதிலாக 263 மீற்றர் ஏறியவருக்குச் சமமாவார். மிகுதி 13 மீற்றர் என்பது நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். அதனை அவர் கண்ணால் காண்பதில்லை. தொடையிலும் மூச்சிலும் உணர்கிறார். நாள்தோறும் இரு வேளையும் போய்வருகின்றவருக்கு இது சிறிய காரியமன்று.

இனி, பழிசுமத்தப்படுகின்ற அந்தக் குடத்தைச் சற்று அறிமுகம் செய்துகொள்வது நல்லது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரைகள் வந்து பொருந்தும் நடுப்பாகத்தைக் குடம் என்பது தமிழ் வழக்கு. சைக்கிள் கடையிலே அதனை ஹப் என்பார்கள். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலே ராலி நிறுவனத்தின் ஆதரவில் 1902 ஆம் ஆண்டில் ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்னும் இருவரின் பெயரால் மூன்று வேகக் குடத்துக்கான முயற்சி உருப்பெற்றது. அதன் அமைப்பிற் பெரும்பங்கு வில்லியம் ரெய்லி என்பவருடையது. அவருடைய பெயரோ குடத்தின்மேற் பொறிக்கப்படவில்லை. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்பது தேயிலை மலைகளுக்குப் புதிய செய்தியன்று. 1936 ஆம் ஆண்டில் ஏ.டபிள்யூ. என்னும் வகை வெளிவந்தது. பல பத்தாண்டுகள் பெருமாற்றமின்றிச் செய்யப்பட்டு உலகமெங்கும் பரவியது அவ்வகையே. குடத்தின் மேற்புறத்தைத் துடைத்துப் பார்த்தால் அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும் எண்ணைப் பெரும்பாலும் காணலாம். 2000 ஆம் ஆண்டில் இத்தொழில் தாய்வான் நாட்டு நிறுவனமொன்றின் கைக்கு மாறி அங்கே தொடர்ந்து நடைபெறுகின்றது.

குடத்தின் உள்ளே நடப்பது வானத்தில் நடப்பதன் சிறு உருவம் எனலாம். நடுவே 20 பற்களுள்ள சக்கரம் ஒன்று அச்சோடு அசையாது நிற்கின்றது. அதனை ஞாயிறு என்று கொள்ளுக. அதனைச் சூழ்ந்து 20 பற்களுள்ள நான்கு சிறு சக்கரங்கள் கோள்களைப்போற் சுற்றுகின்றன. அந்நான்கையும் தாங்குவது ஒரு கூடு. அவற்றுக்கு வெளியே, உட்புறமாக 60 பற்கள் வெட்டப்பட்ட வளையம் ஒன்று இருக்கின்றது. சங்கிலியின் விசையை வளையத்துக்குக் கொடுத்துக் கூட்டின் வழியாகச் சக்கரத்துக்கு எடுத்தால் நான்கு சுற்று மூன்றாகக் குறையும். ஏற்றத்துக்கு உகந்த தாழ்ந்த வேகம் அது. கூட்டுக்குக் கொடுத்து வளையத்தின் வழியாக எடுத்தால் மூன்று சுற்று நான்காகப் பெருகும். அது உயர்ந்த வேகம். வளையத்துக்குக் கொடுத்து வளையத்திலிருந்தே எடுத்தால் கூடுதலும் இல்லை, குறைதலும் இல்லை. அது நடு வேகம். நடு வேகத்திற் கோள்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்குமேயன்றி அவற்றின் பற்கள்மேற் பாரம் விழுவதில்லை. இந்த ஒரு செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர்ப் பயன்படும்.

இத்தனை பற்கள் உரசுகின்றனவே, ஆகவே இழப்பும் பெரிதாகத்தானே இருக்கும் என்று தோன்றலாம். அவ்வாறன்று. செஸ்டர் கைல், பிராங்க் பெர்ட்டோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீடுகளின்படி, பற்சக்கரங்களை உள்ளடக்கிய குடங்கள், சங்கிலியை வெளியே ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவச்செய்யும் வகையைவிடச் சராசரியாக நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே பின்தங்கின. நல்ல நிலையிலுள்ள குடம் தின்னும் உழைப்பு சிறிது என்பதே இதன் பொருள். ஆகவே, ஒருவருடைய வண்டி இரு மனிதர் பாரம்போற் கனக்கின்றதென்றால், குற்றவாளி பெரும்பாலும் கியரன்று, வேறொருவன். அவனைத் தேடவேண்டும்.

தேடுவதற்கு ஒரு முறை உண்டு. நோய் எது, அதன் காரணம் யாது, அதனைத் தணிக்கும் வழி எது என்று படிப்படியாக ஆராய்ந்த பின்னரே மருத்துவம் தொடங்க வேண்டும் என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்திருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையிலே கொழுந்தை உருட்டும் இயந்திரம் வழக்கத்துக்கு மாறாக இரைந்தால், அனுபவமுள்ள இயந்திரக்காரர் உடனே அதனைப் பிரிப்பதில்லை. எந்தப் பக்கம் இரைகின்றது, பாரம் இருக்கும்போது இரைகின்றதா, வெறுமையாக ஓடும்போதும் இரைகின்றதா, தாங்குமிடம் சூடாக இருக்கின்றதா என்று காதாலும் கையாலும் அறிந்துகொள்கின்றார். சைக்கிளுக்கும் இதுவே வழி. வெளியிலிருந்து உள்ளே போகவேண்டும். எளியதிலிருந்து அரியதற்குப் போகவேண்டும்.

முதலாவது சோதனைக்குக் கருவியே வேண்டியதில்லை. டயரில் காற்று இருக்கின்றதா என்று விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். தளர்ந்த டயர் ஒன்று விழுங்கும் உழைப்பு, பழுதில்லாத குடம் விழுங்குவதைவிடப் பெரிது. அடுத்து, வண்டியின் பின்புறத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கையாற் சுழற்றவேண்டும். பிரேக் கட்டை வளையத்தில் உரசுகின்றதா? சக்கரம் கோணியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மட்டும் உரசும். காது கூர்ந்தால் அதன் தாளம் கேட்கும். மட்காப்பில் காய்ந்த சேறு அடைத்திருந்தால் அதுவும் டயரைப் பிடித்து இழுக்கும். வட்டவளைப் பகுதிபோன்று ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவு மழை பொழியும் இடங்களில் இது சிறிய காரணமன்று.

இரண்டாவது சோதனை, சங்கிலியைக் கழற்றிவிடுவது. மிதிகள் பொருந்திய முன்புறத்தையும் சக்கரமுள்ள பின்புறத்தையும் சங்கிலிதான் இணைக்கின்றது. அதனை விலக்கிவிட்டு இரண்டையும் தனித்தனியே சுழற்றிப் பார்த்தால் வழக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். மிதிகள் தனியே சுழலும்போது இறுகினால் அல்லது கரகரத்தால் குறை முன்புறத்துக் குண்டுகளில் இருக்கின்றது. குடத்துக்கு அதனோடு சம்பந்தமில்லை. இரண்டும் தனித்தனியே இலகுவாகச் சுழன்று, சங்கிலி பூட்டியபின் மட்டும் கனத்தால் குற்றம் சங்கிலியினுடையது. துருப்பிடித்துக் கண்ணிகள் மடங்க மறுக்கலாம். அல்லது சங்கிலி அளவுக்குமேல் இழுத்துப் பூட்டப்பட்டிருக்கலாம். இவ்வகை வண்டியில் சங்கிலியின் நடுப்பகுதி விரலால் அசைத்தால் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் மேலும் கீழும் ஆடவேண்டும். மிதியை மெல்லச் சுற்றிக்கொண்டே ஒரு முழுச் சுற்றிலும் இதனைச் சோதிக்கவேண்டும். முன் பற்சக்கரம் சிறிது வட்டம் பிசகியிருந்தால் ஓரிடத்தில் தொய்வும் மற்றோரிடத்தில் இறுக்கமும் காணப்படும். இறுக்கமான இடத்தை அளவாக வைத்தே சங்கிலியைப் பூட்டவேண்டும்.

இவ்வளவும் செய்தபின் வண்டி இலேசாகிவிடுமானால், குடத்தைப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். உள்ளேயிருக்கும் நாக்குகளும் மயிரிழைபோன்ற சுருள்வில்களும் தரையிற் சிதறினால் தேடியெடுப்பது அரிது. தொலைந்தால் அட்டனிலோ நுவரெலியாவிலோ உடனே வாங்குவதும் அரிது. இல்லாத நோய்க்குச் செய்த சத்திர சிகிச்சையால் நோயாளி இறந்த கதையாகிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கனம் குறையவில்லையென்றால், அப்பொழுதுதான் குடத்தை விசாரணைக்கு அழைக்கவேண்டும். அப்பொழுதும் அதனைத் திறக்கவேண்டியதில்லை. அது வெளியிலிருந்தே சாட்சி சொல்லும். முதலாவது கேள்வி: மூன்று வேகத்திலும் கனக்கின்றதா, சிலவற்றில் மட்டுமா? மூன்றிலும் ஒன்றுபோற் கனத்தால், மூன்றுக்கும் பொதுவான குண்டுகளிலும் கோன்களிலும் எண்ணெயிலும் குறை இருக்கலாம். நடு வேகத்தில் இலேசாக ஓடி, தாழ்ந்த வேகத்திலும் உயர்ந்த வேகத்திலும் மட்டும் கரகரத்துக் கனத்தால், கோள் சக்கரங்களையோ அவற்றைத் தாங்கும் ஊசிகளையோ சந்தேகிக்கலாம். நடு வேகத்தில் அவற்றின்மேற் பாரம் விழாது என்று முன்னர்க் கண்ட செய்தி இங்கேதான் பயன்படுகின்றது.

இரண்டாவது கேள்வி: மிதிக்காமல் ஓடும்போது மிதிகள் என்ன செய்கின்றன? பின்சக்கரத்தைத் தூக்கி முன்னோக்கிச் சுழற்றவேண்டும். நல்ல குடத்திற் சக்கரம் சுழல, மிதிகள் ஏறக்குறைய நிலைத்து நிற்கும். சற்று அசைந்தால் குற்றமில்லை. மிதிகளும் விடாமற் கூடவே சுற்றினால் குடத்தின் உள்ளே ஏதோ ஒன்று சக்கரத்தையும் சங்கிலிப் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றது என்பது வெளிப்படை. இறக்கத்திலே கால்களை நிறுத்தி ஓடும்போது சங்கிலியின் மேற்பகுதி தொய்ந்து விழுந்தாலும் இதே பொருள்தான். வலப்பக்கத்துக் கோன் இறுகியிருக்கலாம். அல்லது எண்ணெய் பிசினாகியிருக்கலாம்.

மூன்றாவது சாட்சி ஓசை. ஏ.டபிள்யூ. குடம் நடு வேகத்திலும் உயர்ந்த வேகத்திலும் மிதிக்கும்போது "டிக், டிக்" என்று மெல்ல ஒலிக்கும். கூட்டின் நாக்குகள் சக்கரத்தின் வேகத்துக்குப் பின்தங்கிப் பற்களின்மேல் தாவிச்செல்லும் ஓசை அது. தாழ்ந்த வேகத்தில் மிதிக்கும்போது அவ்வோசை அடங்கிவிடும். இந்த ஓசை நோயன்று, நாடித் துடிப்பு. அது கேட்கவேண்டிய வேகத்தில் கேட்காவிட்டால்தான் கவலைப்படவேண்டும். நாக்குகள் பிசினில் ஒட்டிக்கொண்டுவிட்டன என்பதற்கு அது அடையாளம்.

கோன்களைப் பற்றி ஒரு வார்த்தை. குண்டுகள் உருள்வதற்கு இடம் வேண்டும். சக்கரத்தின் வளையத்தைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம் இருக்கவேண்டும். ஆட்டமே இல்லாதபடி இறுக்குவது நன்மையென்று பலர் எண்ணுவது தவறு. சங்கிலிப் பக்கத்துக் கோனை விரலால் இறுகும்வரை திருகிப் பின்னர் அரைச் சுற்றுத் தளர்த்திப் பூட்டிவிடவேண்டும். மிகுதித் திருத்தங்களை இடப்பக்கத்துக் கோனிலேயே செய்துகொள்ளவேண்டும். அச்சின் இருபுறமும் அது சட்டத்திற் சுழலாதபடி தடுக்கும் விசேட வாசர்கள் இருக்கும். பஞ்சர் ஒட்டியபோது அவற்றைத் தவறவிட்டு வெறும் நட்டை மட்டும் பூட்டியவருடைய வண்டியில், அச்சே சிறிது சிறிதாகத் திரும்பிக் கோன்களின் அளவைக் கெடுத்துவிடும். சரிசெய்த வண்டி ஒரு வாரத்தில் மீண்டும் கனக்கும் மர்மத்துக்கு இது ஒரு விடை.

இனி, மலைநாட்டுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. அது எண்ணெய். பழைய குடங்களின் நடுவே சிறு மூடியுள்ள ஒரு துளை இருக்கும். அதனுள் எண்ணெய் விடவேண்டும் என்பது பலருக்குத் தெரியும். எந்த எண்ணெய் என்பதிலேதான் தவறு நேர்கின்றது. வீட்டிலே எப்பொழுதும் இருப்பது தேங்காயெண்ணெய். அது ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். கொழும்பின் வெப்பத்தில் அது உறைவது அரிது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவே. சனவரி, பெப்ரவரி மாதங்களிற் சில இரவுகளில் புல்லின்மேல் உறைபனியும் படியும். காலையிலே போத்தலில் வெண்ணெய்போல் இறுகி நிற்கும் தேங்காயெண்ணெயைக் காணாத மலைநாட்டு இல்லத்தரசி இல்லை. போத்தலில் நிகழ்வது குடத்தின் உள்ளேயும் நிகழும் அன்றோ? மேலும், தாவர எண்ணெய்கள் நாட்செல்லச் செல்லக் காற்றுப்பட்டுப் பிசினாக மாறும். கெட்டியான கிரீசை நாக்குகள் இருக்குமிடத்தில் அடைத்துவிடுவதும் குளிர்நாட்டிற் கூடாது. மெல்லிய வில் அதனைத் தள்ளி நாக்கை எழுப்பமாட்டாது.

இதற்குப் பரிகாரம் எளிது. சிறிது மண்ணெண்ணெயைத் துளையின் வழியாக விட்டு, சக்கரத்தை நெடுநேரம் சுழற்றி, ஓரமாகச் சாய்த்து வடியவிட வேண்டும். கறுத்த நீர்போல் வடிவது தெளியும்வரை இதனைத் திரும்பச் செய்யலாம். இதனை லயத்து அடுப்பங்கரையிற் செய்யாமல் வெளியிற் செய்வது பாதுகாப்பு. டயரிலும் பிரேக் படும் வளையத்திலும் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். நன்கு வடிந்தபின் மெல்லிய மோட்டார் எண்ணெய் ஒரு தேக்கரண்டி விடவேண்டும். அதன்பின் மாதந்தோறும் சில துளிகள் போதும். குடம் கனக்கின்றதென்று கைவிடப்பட்ட வண்டிகளுட் பல இந்தக் கழுவலாலேயே உயிர் பெறத்தக்கவை. தாய்வானில் இப்பொழுது செய்யப்படும் குடங்களில் இந்தத் துளை இராது. அவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே கிரீஸ் இடப்படுகின்றது.

இறுதியாகக் கூறவேண்டியது எல்லாவற்றிலும் முக்கியமானது. கைப்பிடியிலிருந்து குடத்துக்குப் போகின்ற கம்பி மழையாலும் பனியாலும் துருப்பிடித்துத் தன் உறைக்குள் இறுகுவதுண்டு. அப்பொழுது நெம்புகோலைத் தட்டினாலும் உள்ளேயுள்ள கவ்வி முழுத்தூரம் நகர்வதில்லை. பாதி பிடித்தும் பாதி நழுவியும் அரைபடுகின்றது. ஓட்டுபவர் அதனையும் "இறுக்கம்" என்றே சொல்வார். உண்மையிலே அது இறுக்கமன்று; பிடிப்பின்மை. ஏ.டபிள்யூ. வகையின் பழைய குடங்களில் நடு வேகத்துக்கும் உயர்ந்த வேகத்துக்கும் இடையே எதுவுமே பிடிக்காத ஒரு நிலை இருக்கின்றது. ஏற்றத்தில் ஆசனத்தைவிட்டு எழுந்து உடற்பாரம் முழுவதையும் மிதிமேல் ஊன்றும்போது கவ்வி அந்நிலைக்கு நழுவினால் மிதி வெறுமையாகக் கீழே விழும். ஓட்டுபவர் சட்டத்தின்மேல் மோதுவார். ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் தோட்டப் பாதையில் இது விளையாட்டன்று. தாய்வானுக்குத் தொழில் மாறியபின் வந்த புதிய வகைகளில் இந்த இடைவெளி நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் கொட்டிலிலிருந்து வெளியே வந்த வண்டிகளில் இருப்பது பழைய வகையே.

இன்னொரு வகையும் உண்டு. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் குடத்தின் உள்ளேயே தடை பிடிக்கும் அமைப்பு அது. இவ்வகையில் டி.சி.டபிள்யூ. என்னும் பழைய மாதிரியில், தடைக்குரிய விசையும் கியரின் வழியாகவே போகின்றது. கம்பி அளவு பிசகி எதுவும் பிடிக்காத நிலைக்குக் கவ்வி வந்துவிட்டால் மிதிப்பு மட்டுமன்றிப் பின் தடையும் இல்லாமற் போகலாம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்குகின்ற வீதியை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. இத்தகைய வண்டியை வைத்திருப்பவர் கைப்பிடியில் இயங்கும் முன் பிரேக்கும் நன்றாக இருக்கின்றதா என்று பார்த்தபின்னரே இறக்கத்தில் இறங்கவேண்டும்.

ஏ.டபிள்யூ. குடத்திற் கம்பியின் அளவைச் சரிபார்ப்பது குழந்தைக்கும் எளிது. நெம்புகோலை நடு வேகத்தில் வைக்கவேண்டும். சங்கிலிப் பக்கத்து நட்டில் ஒரு சிறு சன்னல் போன்ற துளை இருக்கும். அதன் வழியே பார்த்தால் சிறு சங்கிலி பொருந்தியுள்ள தண்டின் விளிம்பு தெரியும். அவ்விளிம்பு அச்சின் முனையோடு நேராக நிற்கவேண்டும். உள்ளே போயிருந்தாலும் வெளியே வந்திருந்தாலும் கம்பியிலுள்ள திருகியைத் திருப்பி நேராக்கிப் பூட்டிவிடலாம். கம்பி உறைக்குள் தாராளமாக ஓடாவிட்டால் எத்தனை முறை அளவு திருத்தியும் பயனில்லை. எண்ணெய் விடவேண்டும், அல்லது புதிய கம்பி போடவேண்டும். ஒரு கம்பியின் விலை, ஒரு குடத்தின் விலையில் மிகச் சிறிய பங்கே.

எல்லாச் சோதனைக்குப் பின்னரும் கரகரப்புத் தீராவிட்டால் குடத்தைத் திறக்கத்தான் வேண்டும். தேய்ந்த பற்களையும் உடைந்த நாக்கையும் எண்ணெயால் குணப்படுத்த இயலாது. அவ்வேளையில் வண்டியைக் கைதேர்ந்த திருத்துநரிடம் கொண்டுபோகின்றவர், "கனக்கிறது" என்ற ஒரு சொல்லோடு நிற்காமல், "நடு வேகத்தில் நன்றாக ஓடுகின்றது, தாழ்ந்த வேகத்தில் மட்டும் கரகரக்கின்றது, சங்கிலியும் டயரும் பார்த்தாயிற்று" என்று சொல்வாராயின் திருத்துநரின் வேலை பாதி முடிந்துவிடும். தேவையற்ற உறுப்புகளை மாற்றிப் பணம் கேட்கவும் எவரும் துணியமாட்டார். அறிவு எளியவனுக்குக் கிடைக்கின்ற பாதுகாப்பு அதுவே.

மலைநாட்டுப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் கற்கின்ற மாணவருக்கு இத்தகைய பழைய குடம் ஒன்று நல்ல ஆசானாகும். இருபதும் அறுபதுமாகிய பற்களிலிருந்து மூன்றுக்கு நான்கு என்னும் விகிதம் பிறப்பதை அவர்கள் கையாற் சுற்றியே காணலாம். காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி உண்மைக் காரணத்தை அடையும் முறையை அதனினும் சிறப்பாகக் கற்கலாம். நாளை அம்மாணவர் தொழிற்சாலை இயந்திரத்தின் முன் நின்றாலும், வைத்தியசாலையில் நோயாளியின் முன் நின்றாலும் அந்த முறையே கைகொடுக்கும். இன்று மாலை, கொட்டிலின் மூலையிற் சாய்ந்திருக்கும் வண்டியை வெளியே எடுத்து, முதலில் டயரை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.